தட்டுக்கழி யார் கையில்?

மும்பைத் தமிழர் பகுதிகளில் தெருவுக்கு ஒரு பரதநாட்டிய வகுப்பு. ஆடுகிற குழந்தைக்குப் பரீட்சை உண்டு, சான்றிதழ் உண்டு. கற்றுக்கொடுப்பவருக்கு?

மாலை ஐந்தரை மணி. மாட்டுங்கா கிழக்கில் காபிக்கொட்டை வறுபடும் வாசனையையும் பூக்கடைகளையும் தாண்டிப் பழைய கட்டிடம் ஒன்றின் மாடிப்படி ஏறினால், ஏதாவது ஒரு வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள் குவிந்து கிடக்கும். உள்ளே கட்டையின் மேல் கழி தட்டும் சத்தம். ‘தெய்யா தெய்’ என்று ஒரு பெண் குரல். செம்பூரில் இதே காட்சி, ஹவுசிங் சொசைட்டியின் பொது அறையில். சனி, ஞாயிறு என்றால் காலையிலேயே தொடங்கிவிடும். தமிழ்க் குடும்பங்கள் மட்டுமல்ல, மராத்தி, குஜராத்தி வீட்டுக் குழந்தைகளும் அரைமண்டியில் உட்காருகிறார்கள். மும்பையில் பரதநாட்டியம் தமிழரின் தனிச் சொத்தாக இருந்த காலம் போய் வெகுநாளாயிற்று.

குழந்தையைச் சேர்க்க வரும் பெற்றோர் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒரே மாதிரியானவை. மாதக் கட்டணம் எவ்வளவு? எந்தப் பரீட்சைக்கு அனுப்புவீர்கள்? அரங்கேற்றத்துக்கு எத்தனை வருஷம் ஆகும்? ஆசிரியை யாரிடம் ஆடக் கற்றார் என்றுகூடச் சிலர் விசாரிப்பதுண்டு. கற்றுக்கொடுக்க எங்கே கற்றார் என்று கேட்பவரைக் காண்பது அபூர்வம். கேட்டாலும் பலரிடம் பதில் இருக்காது. அது அவர்கள் குற்றமும் அல்ல. அப்படி ஒன்றைக் கற்க வேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

சட்டமும் சொல்லவில்லை. தெருமுனையில் வடா பாவ் விற்க வேண்டுமானால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைகள் முப்பது பேரைச் சேர்த்துக்கொண்டு நாட்டிய வகுப்பு நடத்த எந்தப் பதிவும் வேண்டாம். 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் தனியார் பயிற்சி மையங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கற்பிப்பவர் குறைந்தது பட்டதாரியாக இருக்க வேண்டும், ஒவ்வொரு மாணவருக்கும் இவ்வளவு இடம் வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. ஆனால் பயிற்சி மையம் என்றால் என்ன என்று வரையறுக்கும் இடத்திலேயே விளையாட்டு, நடனம், நாடகம் முதலியவை விலக்கப்பட்டுவிட்டன. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவருக்கு நிபந்தனை. குழந்தையின் இடுப்பையும் முட்டியையும் பிடித்துத் திருப்புகிறவருக்கு இல்லை.

ஆனால் பரீட்சைகளுக்குப் பஞ்சமில்லை. மகாராஷ்டிரத்தில் நாட்டிய வகுப்புகளின் காலண்டரையே தீர்மானிப்பவற்றில் முதன்மையானது அகில பாரதீய காந்தர்வ மகாவித்யாலய மண்டலின் தேர்வு முறை. விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901இல் லாகூரில் தொடங்கிய சங்கீதப் பள்ளியின் வழிவந்த இந்த அமைப்பு, இசையோடு நடனத்துக்கும் தேர்வு நடத்துகிறது. பிராரம்பிக்கில் தொடங்கி பிரவேசிகா, மத்யமா, விஷாரத், அலங்கார் என்று படிகள். விஷாரத் முடித்துவிட்டால் பெயர்ப்பலகையில் போட்டுக்கொள்ளலாம், வகுப்பு ஆரம்பித்துவிடலாம். தேர்வுகள் ஒழுங்காகவே நடக்கின்றன, பாடத்திட்டமும் மோசமில்லை. ஆனால் அவை சோதிப்பது ஆடுகிறவரின் ஆட்டத்தையும் கலையறிவையும்தான். பயந்து நிற்கும் ஏழு வயதுக் குழந்தையை எப்படித் தாளத்துக்குள் கொண்டுவருவது, ஒரே வரிசையில் நிற்கும் பத்துப் பேரில் யாருடைய பாதம் தப்பாகத் திரும்பியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பவை வேறு வித்தை.

இந்த நிலவரத்தில் மாநில அரசு தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றியது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில், அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளின் சாஸ்திரியக் கலைத் தேர்வுகளில் தேறிய மாணவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தரும் ஏற்பாடு 2017இல் நடைமுறைக்கு வந்தது. எத்தனை படி ஏறியிருக்கிறார் என்பதைப் பொறுத்து மதிப்பெண். அந்த ஆண்டு மகாராஷ்டிரத்தில் 193 மாணவர்கள் 100 சதவீதம் பெற்றதாகச் செய்தி வந்தபோது, கலைக்கும் விளையாட்டுக்கும் கிடைத்த உபரி மதிப்பெண்களே காரணம் என்று சர்ச்சை எழுந்தது. பிறகு விதிகள் இறுக்கப்பட்டன. கலையை ஊக்குவிக்கும் நல்ல எண்ணத்தில் வந்த திட்டம்தான். ஆனால் வகுப்பறையில் அதன் விளைவு எளிதில் யூகிக்கக்கூடியது: பத்தாம் வகுப்புக்குள் இத்தனை படி ஏறியாக வேண்டும் என்று பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள். ஆசிரியை அந்தக் கணக்குக்கு ஏற்பப் பாடத்தைச் சுருக்குகிறார். முதலில் அடிபடுவது அடவு. வருஷக்கணக்கில் தட்டடவும் நாட்டடவும் செய்து கால் பழகுவதற்குள் அலாரிப்புக்குப் போயாக வேண்டும், ஜதிஸ்வரம் காத்திருக்கிறது.

கழியைப் பிடிக்கும் முன்

நாட்டியம் கற்பிப்பதற்கென்று ஒரு பயிற்சி முறை மும்பைக்குத் தெரியாததல்ல. அது ஒரு காலத்தில் ரயிலேறி இங்கே வந்தது. 1945இல் மாட்டுங்காவில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் ஏ.டி. கோவிந்தராஜ பிள்ளையும் அவர் மனைவி கருணாம்பாளும். கருணாம்பாளின் தகப்பனார் திருவிடைமருதூர் குப்பையா பிள்ளை, தஞ்சை வட்டாரத்து நட்டுவனார் பரம்பரையின் பெரிய புள்ளி. அவரும், அவர் மகன்கள் மகாலிங்கம் பிள்ளையும் கல்யாணசுந்தரம் பிள்ளையும் இந்தப் பள்ளியின் ஆசான்களாக விளங்கினார்கள். காவிரிக் கரையில் ஒரு குடும்பத்துக்குள் இருந்த வித்தை, குஜராத்தி வியாபாரி வீட்டுப் பெண்ணுக்கும் மராத்தி வக்கீல் மகளுக்கும் கிடைத்தது இப்படித்தான்.

நட்டுவனார் எப்படி உருவானார் என்பதைக் கவனித்தால் இன்றைக்கு என்ன இல்லை என்பது புரியும். நட்டுவனார் வீட்டுப் பையன் முதலில் பாட்டும் மிருதங்கமும் கற்றான். சொற்கட்டுகள் நாக்கில் ஊறின. பிறகு பெரியவர் பாடம் நடத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்தான். அவருக்குக் களைத்தபோது இவன் கழி தட்டினான். சின்னப் பெண்களுக்கு அடவு பழக்கிவிடும் வேலை அவன் தலையில் விழுந்தது. செய்த தப்பை மாலையில் பெரியவர் திருத்தினார், சில சமயம் அதே கழியால். எந்தப் பெண்ணுக்கு எந்த ஜதி எடுபடும், எவளுக்கு வேகம் வராது, எவளை இன்னும் ஆறு மாதம் விளம்ப காலத்திலேயே நிறுத்த வேண்டும் என்று பார்க்கப் பழகினான். தனியாகப் பாடம் சொல்ல ஆரம்பித்தபோது அவனுக்குப் பத்து வருஷ அனுபவம் இருந்தது. சான்றிதழ் என்று ஒன்று இல்லை. இன்றைய பாஷையில் சொன்னால் அது ஒரு முழுநேர ஆசிரியர் பயிற்சி.

அதை இலட்சியமாக்கிப் பேசுவதும் சரியல்ல. அது ஒரு சில குடும்பங்களுக்குள், பெரும்பாலும் ஆண்களிடம் அடைபட்டிருந்த முறை. ஆடிய பெண்களுக்கு அந்தக் கழி பெரும்பாலும் கிடைக்கவில்லை. 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தபோது ஆடும் மரபே ஒரு சமூகத்திடமிருந்து இன்னொன்றின் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. ருக்மணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்திரம் போன்ற நிறுவனங்கள் நடனத்தைப் பாடத்திட்டமாக்கின. ஆடியவர்களே ஆசிரியர்களானார்கள், பெண்கள் கையில் தட்டுக்கழி வந்தது. நியாயமான மாற்றம். ஆனால் மாற்றத்தில் ஒன்று தவறிப்போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து கற்பிக்கக் கற்ற அந்தப் பத்து வருஷத்துக்குப் பதிலாக எதுவும் வரவில்லை. நன்றாக ஆடுகிறவர் நன்றாகக் கற்பிப்பார் என்ற நம்பிக்கை அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. கிரிக்கெட்டில் இந்த நம்பிக்கையை யாரும் வைத்துக்கொள்வதில்லை.

முட்டியும் மார்பிள் தரையும்

இது ஏதோ பண்டிதர்களின் விவகாரம் அல்ல. அரைமண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பாதங்கள் பக்கவாட்டில் திரும்ப வேண்டும், முட்டி மடங்கி விரிய வேண்டும். இந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் இடுப்பு ஒவ்வொரு அளவுக்குத்தான் திரும்பும். திரும்பாத குழந்தையிடம் ‘இன்னும் விரி’ என்று அதட்டினால் அது பாதத்தை மட்டும் திருப்பிக்கொள்ளும். முட்டி ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம். அந்த நிலையில் ஆயிரக்கணக்கான முறை தரையைத் தட்டினால் முறுக்கு முழுவதும் முட்டியில் இறங்கும். முதுகை வளைத்துப் பின்னால் தள்ளிக்கொள்ளும் பழக்கமும் இதோடு சேர்ந்து வரும். பன்னிரண்டு வயதில் வலி தெரியாது. இருபத்தைந்தில் தெரியும்.

தரையும் ஒரு காரணம். மண் தரையிலும் மரப் பலகையிலும் பழகிய ஆட்டம், மும்பை ஃபிளாட்டில் சிமென்ட் தளத்தின் மேல் பதித்த டைல்ஸ் அல்லது மார்பிளில் நடக்கிறது. அது கொஞ்சமும் அதிர்வை வாங்கிக்கொள்ளாது. சில வகுப்புகளில் ரப்பர் பாய் விரித்திருப்பார்கள். பெரும்பாலும் குழந்தைகளின் மூட்டை நினைத்தல்ல, கீழ் வீட்டுக்காரர் சொசைட்டியில் புகார் கொடுத்ததால். மெத்தென்ற பாயில் கால் வழுக்கிக் கணுக்கால் பிசகுவது வேறு. உடலைச் சூடேற்றும் பயிற்சிக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கும் வகுப்புகள் இப்போது கூடியிருக்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு ஒரு குழு என்று ஓடும் இடங்களில் முதலில் வெட்டப்படுவதும் அந்தப் பத்து நிமிஷம்தான்.

உலகில் இதைப் படிப்பாகவே ஆக்கிவிட்டார்கள். நடன மருத்துவத்துக்கும் அறிவியலுக்குமான சர்வதேசச் சங்கம் 1990இல் தொடங்கப்பட்டது. எந்த வயதில் எந்த அசைவைத் தொடங்கலாம் என்று வழிகாட்டுதல்களை அது வெளியிடுகிறது. பாலே ஆட்டக்காரர்களின் கால் விரலைப் பற்றிக் குவிந்திருக்கும் ஆராய்ச்சியில் ஒரு சிறு பங்கு அரைமண்டிக்கும் முழுமண்டிக்கும் கிடைத்தால் தேவலை.

2020இல் கொரோனா வந்து வகுப்புகள் எல்லாம் ஜூம் திரைக்குள் போனபோது இன்னொரு வேடிக்கை நடந்தது. கம்ப்யூட்டர் காமிரா மேஜை மேல்; குழந்தையின் தலையும் கைகளும் தெரிந்தன. பாதம் தெரியவில்லை. கழியின் ஓசை ஒரு நொடி தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால் தாளத்தைச் சரிபார்க்கவே முடியவில்லை. அபிநயத்தை ஓரளவு சொல்லிக்கொடுக்க முடிந்தது, அடவைத் திருத்த முடியவில்லை. நோய் போன பிறகும் திரை போகவில்லை. நியூ ஜெர்சியிலும் துபாயிலும் இருக்கும் மாணவிகள் இன்று பல மும்பை ஆசிரியைகளின் வருமானத்தில் ஒரு பகுதி.

மும்பையிலேயே படிக்க வழி இல்லாமல் இல்லை. சட்டம் படித்தவரும் மோகினியாட்டக் கலைஞருமான கனக் ரெலே 1966இல் நாளந்தா நடன ஆராய்ச்சி மையத்தை நிறுவினார். 1972இல் நாளந்தா நிருத்ய கலா மகாவித்யாலயா வந்தது. மும்பைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரி. நடனத்தில் பட்டம், முதுகலைப் பட்டம். அசைவை உடலியக்கமாகப் பிரித்துப் பார்த்துப் பதிவு செய்யும் முறை ஒன்றை ரெலே உருவாக்கினார். 2023 பிப்ரவரியில் அவர் மறையும்வரை நடனம் ஒரு கல்வித் துறை என்ற வாதத்தை விடவில்லை. இன்னொரு மூலையில் ஆசார்ய பார்வதிகுமார், அபிநய தர்ப்பணத்தின் சுலோகங்களையே ஆடிப் பழகும் பாடமாக வடித்துக்கொடுத்தார். தஞ்சை சரபோஜி மன்னரின் மராத்திப் பாடல்களை மேடைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஆக, இந்த நகரத்துக்குச் சிந்தித்த ஆசிரியர்கள் குறைவில்லை.

சிக்கல் வேறு. நாளந்தா ஜுஹுவில் இருக்கிறது. செம்பூரிலிருந்து ரயில் மாறி, பிறகு பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துப் போய்வரும் பெண், நான்கைந்து வருஷம் முழுநேரம் படித்துப் பட்டத்தோடு திரும்பி வந்து வகுப்புத் தொடங்கினால், பக்கத்துக் கட்டிடத்தில் அரங்கேற்றம் முடித்த கையோடு வகுப்புத் தொடங்கியவர் வாங்கும் அதே கட்டணம்தான் அவருக்கும். சில சமயம் குறைவு, ஏனென்றால் அவர் அடவுக்கு நாள் கடத்துகிறார்.

லண்டனில் 1920இல் தொடங்கப்பட்ட ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தது. அதன் தேர்வுக்கு மாணவரை அனுப்ப ஆசிரியர் முதலில் அதன் பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவில் நீடிக்க ஆண்டுதோறும் ஏதேனும் பயிற்சி பெற்றதாகக் காட்ட வேண்டும். மும்பையில் பாலே சொல்லித்தருகிறவர்களில் சிலர் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவர்கள். 1904இலிருந்து இயங்கும் இம்பீரியல் சொசைட்டி ஆஃப் டீச்சர்ஸ் ஆஃப் டான்சிங் பரதநாட்டியத்துக்கும் கதக்குக்கும் தனிப் பாடத்திட்டமே வகுத்திருக்கிறது. லண்டனில் பரதம் சொல்லித்தரும் ஒருவர் தன் கற்பித்தலைச் சோதனைக்கு வைக்க வழி உண்டு. மாட்டுங்காவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

அதற்காக அப்படியே இறக்குமதி செய்துவிடலாம் என்று யாரும் துள்ள வேண்டாம். பதிவேடு, படிவம், ஆங்கிலத்தில் கட்டுரை என்று வந்தால் முதலில் வெளியே நிற்பவர் நட்டுவாங்க மரபில் வந்து, ஏட்டுப் படிப்பு அதிகமில்லாத ஆசானாக இருப்பார். குப்பையா பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்தின் சான்றிதழைக் காட்டியிருப்பார்? உரிமம் என்ற சொல்லைக் கேட்டதும் மும்பைக்காரர்களுக்கு முனிசிபல் ஆபீஸின் வரிசை ஞாபகத்துக்கு வருவதும் நியாயமே. காந்தர்வ மண்டல் போன்ற அமைப்புகள் தங்கள் தேர்வுக்கு மாணவர்களை அனுப்பும் ஆசிரியர்களுக்கே ஆண்டுக்கு இரண்டு நாள் பயிற்சியைக் கட்டாயமாக்குவது, அரசு புதிய அலுவலகம் திறப்பதைவிடச் சுலபம். கூடுதல் மதிப்பெண் தரும் அரசு அதை ஒரு நிபந்தனையாகக் கேட்கலாம். கேட்கவில்லை.

கேட்கத் தயங்கும் இன்னொரு கேள்வி பாதுகாப்பு. 2023 மார்ச்சில் சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் மாணவிகள் பாலியல் தொல்லைப் புகார்களோடு உட்கார்ந்து போராடினார்கள். அடுத்த மாதம் அங்கே ஓர் ஆசிரியர் கைது செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. பாராளுமன்றச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிறுவனத்தில் புகார் சொல்ல இவ்வளவு பாடு. நான்கு சுவருக்குள் ஒரே ஆசிரியர் நடத்தும் வகுப்பில்? உடலைத் தொட்டுத் திருத்துவது இந்தக் கலையின் பகுதி. எங்கே தொடலாம், தொடும் முன் சொல்ல வேண்டுமா, அறைக் கதவு திறந்திருக்க வேண்டுமா என்பதெல்லாம் கற்பித்தலின் இலக்கணத்தில் சேர்ந்தவை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குழந்தைக்கு எதிரான குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் போலீசுக்குச் சொல்வது எவருக்கும் கட்டாயம். இந்த விதியை அறிந்த நாட்டிய வகுப்புகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆசிரியைகளின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். இவர்களில் பலர் கல்யாணத்துக்குப் பிறகு, குழந்தை பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் வீட்டு ஹாலில் சோபாவை ஒதுக்கிவிட்டு வகுப்புத் தொடங்கியவர்கள். பிராவிடன்ட் ஃபண்ட் கிடையாது. மே மாதம் குழந்தைகள் ஊருக்குப் போனால் வருமானமும் கிடையாது. தங்கள் ஆட்டத்தைப் புதுப்பித்துக்கொள்ள நினைப்பவர்கள் சென்னையிலிருந்து வரும் பிரபலத்தின் பயிலரங்குக்குக் கைக்காசைச் செலவழித்துப் போகிறார்கள். அங்கே மூன்று நாளில் கிடைப்பது அநேகமாக ஒரு புதிய பதம் அல்லது தில்லானா. வந்து அதை மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்து அடுத்த விழாவில் ஏற்றிவிடலாம். குழந்தைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்று ஒரு பயிலரங்கு அறிவித்தால் கூட்டம் வருமா என்பது சந்தேகம். வாங்க ஆளில்லாத சரக்கை யார் விற்பார்கள்?

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

மத்திய ரயில்வேயின் தண்டவாளத்துக்குக் கிழக்கே மாட்டுங்கா. வடமேற்கே தாண்டினால் தாராவி. நடந்தே போய்விடலாம், ஆனால் நாட்டிய வகுப்புகள் அந்தத் தூரத்தைக் கடந்தது குறைவு. திருநெல்வேலியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் தோல் பதனிட வந்தவர்களின் பேரப் பிள்ளைகளும் கொள்ளுப் பேரப் பிள்ளைகளும் வளரும் இடம். மாதக் கட்டணத்தைக்கூடப் புரட்டிவிடலாம். பரீட்சைக் கட்டணம், உடுப்பு, நகை, அரங்கேற்றத்துக்கு ஹால், பக்கவாத்தியம் என்று லட்சக்கணக்கில் நீளும் பட்டியல்தான் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. கூடுதல் மதிப்பெண் திட்டத்தின் பலன் இந்தத் தண்டவாளத்தின் எந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் இவர்களுக்கும் ஒன்றைத் தந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100 குழந்தைகளுக்கு மேல் இருந்தால் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் ஒருவர் இருக்க வேண்டும். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. ஆனால் கலைக் கல்வி என்றால் நடைமுறையில் பெரும்பாலும் ஓவியம். நடனத்துக்கு என்ன தகுதி வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

இளைஞர்கள் காத்திருக்கவில்லை. 2019இல் ‘கல்லி பாய்’ படம் வருவதற்கு முன்பே தாராவியின் சந்துகளில் ராப்பும் பிரேக் டான்ஸும் வேரூன்றிவிட்டன. மூத்தவன் இளையவனுக்குச் சொல்லித்தருகிறான், கட்டணம் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் மெடலுக்குரிய போட்டியானபோது, கறாரான மதிப்பீட்டு முறையும் நடுவர்களும் அதற்கு இருந்தார்கள். பக்கத்தில் நின்று, பார்த்து, திருத்திக் கற்பிக்கும் பழைய நட்டுவனார் முறை மும்பையில் இன்று எங்கே உயிரோடு இருக்கிறது என்று தேடினால், விந்தையாக, இந்தச் சந்துகளையும் காட்ட வேண்டியிருக்கும்.

சின்னக் குழந்தைகளுக்கு மிஞ்சுவது ஆண்டு விழா. நவம்பர் பிறந்ததும் பள்ளிகள் ‘டான்ஸ் மாஸ்டர்’ தேடும். சினிமாவில் துணை ஆட்டக்காரராக வேலை பார்த்தவரோ, போன வருஷம் அதே பள்ளியில் படித்து முடித்த பையனோ வருவார். ஒரு பாட்டு, நாற்பது குழந்தைகள், சிமென்ட் தரை, மூன்று வாரம். நன்றாக ஆடுகிறவர்கள் முதல் வரிசை. கால் வராதவர்கள் பின்னால், கையில் காகிதப் பூவோடு. ஜனவரியில் மேடையைப் பிரித்ததும் மாஸ்டர் போய்விடுவார். குழந்தைகள் அந்த ஒரே பாட்டை அடுத்த ஆண்டு விழாவரை தெருவில் ஆடிக்கொண்டிருப்பார்கள்.